பூஜைக்கு வைத்த பச்சை பாட்டில்கள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன். என்னிடம் நல்ல வார்த்தை ஸ்டாக் இல்லை. நான் செய்த ஒரு கேவலமான வேலை இருக்கிறது, அதை எழுதுகிறேன். அதுவும் கஞ்சாவைப் பற்றியது. பாருங்கள், இப்போதுதான் நிமிர்ந்து உட்காருகிறீர்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு மருந்து கம்பெனி. பெயர் வேண்டாம். இரண்டாயிரத்துகளின் நடுவில் அங்கே வயிற்றுக் கோளாறுக்கு ஒரு லேகியம் செய்தோம். அதில் கொஞ்சம் கஞ்சா இலை சேரும். அரசாங்க லைசென்ஸோடு, சீல் வைத்த டிரம்மில், ஒரு அதிகாரியின் கையெழுத்தோடு மாப்பிள்ளை போல வந்து இறங்கும். பதினோரு வருஷம் அந்த இலையோடு பழகினேன். அது எனக்கு ஏற்றிவிட்டதெல்லாம் ரத்த அழுத்தம் மட்டும்தான்.

எங்கள் ஆய்வகக் கோட்டுகளில் பைகளைத் தைத்து மூடியிருப்பார்கள், யாரும் ஒரு சிட்டிகைகூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்று. பேனாவைக் காதில் செருகிக்கொள்வோம். பார்த்தால் தச்சுவேலை செய்பவன் மாதிரி இருக்கும். சம்பளத்தைச் சொன்னால் தச்சர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

என் வேலை, அந்த இலையில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று எச்.பி.எல்.சி. மெஷினில் பிரித்துப் பார்ப்பது. நீங்கள் எல்லாம் படித்துவிட்டு வந்தவர்கள். ஆனாலும் என் வீட்டில் விளக்கியதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் கோயில் தெருவில் ஒரே பஸ்ஸிலிருந்து பத்துப் பேர் இறங்குகிறார்கள். பின்னாலிருந்து கூட்டம் தள்ளுகிறது. கடைகளில் மனசு ஒட்டாதவர் முதலில் போய் அம்மன் முன் நிற்பார். என்னைப் போல ஒவ்வொரு பஜ்ஜிக் கடையிலும் ஒட்டிக்கொள்கிறவன் கடைசியில் வருவான். கோயில் வாசலில் நின்றுகொண்டு யார் எப்போது வந்தார், எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணினால் அதுதான் குரோமட்டோகிராஃபி. தெருவுக்குப் பதில் மெஷினில் ஒரு குழாய், கூட்டத்துக்குப் பதில் சால்வென்ட் என்கிற திரவம். வந்து சேர்கிறவர்கள் கிராஃபில் மேடு மேடாகத் தெரிவார்கள்.

இதில் இரண்டே இரண்டு மேடுகளை நினைவில் வைத்தால் போதும். ஒன்று டி.எச்.சி., போதை தருவது. இன்னொன்று சி.பி.என். வெளிச்சமும் காற்றும் பட்டு, வயசாகி, டி.எச்.சி. கடைசியில் போய்ச் சேரும் நிலை. வீரியம் போய் தூக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும். இப்போதைய என்னைப் போல.

இலை வந்து இறங்கும்போது ஒரு முறை அளப்போம். லேகியத்துக்கு எடுக்கும்போது மறுபடி அளப்போம். இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். டி.எச்.சி. குறைந்து சி.பி.என். ஏறியிருந்தால், நல்ல இலையை யாரோ எடுத்துவிட்டுப் பழைய சருகை உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வழக்கில் சுலபமாக ஜாமீன்கூடக் கிடைக்காது.

டிரம் இருந்த அறைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஃபேக்டரி மேனேஜரிடம். இன்னொன்று ஸ்டோர் கீப்பர் ரூத்தம்மாவிடம். பெரியபாளையத்தை அடுத்த ஆரணிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவர் பேக்கிங்கில் பெட்டி மடிக்கச் சேர்ந்து, பத்து வருஷத்தில் ஸ்டோர் சாவி வாங்கியவர். அந்தச் சாவியைக் கழுத்துக் கயிற்றில் சிலுவைக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் வந்தால் ரூத்தம்மா வருகிறார் என்று தெரிந்துகொள்வோம்.

இனி ஆயுத பூஜை. எங்கள் கம்பெனியில் எந்தப் பிரிவு நன்றாக ஜோடனை செய்கிறதோ அதற்கு ஒரு ஹாட் பாக்ஸ் பரிசு உண்டு. வருஷா வருஷம் பாய்லர்காரர்கள் வாங்குவார்கள். கரி பிடித்த ஒரு இரும்புப் பூதத்துக்கு மாலை போட்டாலே கம்பீரம் வந்துவிடுகிறது. என் மெஷின் பார்ப்பதற்கு ரொட்டி சுடும் பெட்டி மாதிரி இருக்கும். அதற்கு மாலை போட்டால் துக்க வீடு மாதிரி ஆகிவிடும். இரண்டு வருஷம் தோற்றேன். மூன்றாவது வருஷம், முப்பத்தைந்து வயதில், இரண்டு பட்டம் வாங்கியவன், ஒரு ஹாட் பாக்ஸுக்காக வெறி பிடித்து அலைந்தேன்.

வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் கம்பெனியில் வியாழக்கிழமையே பூஜை. அன்று காலையில் டிரம்மைத் திறந்து, ரூத்தம்மா முன்னிலையில் இலை எடுத்தேன். ஒரு பாதியை உறையில் போட்டு ஒட்டி, அவரிடம் கையெழுத்து வாங்கி அலமாரியில் வைத்தேன். மறு பாதியை மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டினேன். சாறு ஆறு சின்ன பாட்டில்களில் இறங்கியது. ஐயா, என்ன பச்சை! மரகதம். அதை உடனே மெஷினில் செலுத்தியிருக்க வேண்டும். மெஷினைத்தான் காலையிலேயே துடைத்து, அணைத்து, விபூதிப் பட்டை போட்டுவிட்டோமே. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

வழக்கமாக அந்த பாட்டில்களை அலுமினியத் தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வைப்போம். அன்று பூஜைக்கு அரை மணி நேரம் முன்னால் எனக்கு ஞானம் பிறந்தது. தாளைப் பிரித்தேன். ஆறு பாட்டில்களையும் மெஷின் முன்னால் ஜன்னலோரம் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். கற்பூரப் புகை போவதற்காக ஜன்னல் திரையைத் தூக்கிவிட்டேன். வெயில் பட்டதும் ஆறு பாட்டிலும் விளக்கு மாதிரி எரிந்தன.

'சாற்றை வெளிச்சத்தில் வைக்கக் கூடாது' என்று எங்கள் செய்முறை ஏட்டில் நாலாவது பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். எழுதியவன் நான்தான். அடிக்கோடும் போட்டிருந்தேன்.

ரூத்தம்மா பூஜைக்கு வர மாட்டார், பொரிக்கு வருவார்.

"கர்த்தருக்குப் பொரியில ஒண்ணும் ஆட்சேபன இல்ல சாரு" என்று முந்தானையில் வாங்கிக்கொண்டே பாட்டில்களைப் பார்த்தார். "இன்னா சாரு, லேபு ஜிகுஜிகுன்னு கீது! பச்சத் தண்ணிய வரிசயா வெச்சிகினு சர்பத் கட மாரி கீதே. பாய்லர்காரனுங்க வயிறு எரியப் போறானுங்க."

எரிந்தார்கள். ஹாட் பாக்ஸ் எனக்கு வந்தது. பூஜையில் வைத்ததை அன்றைக்கே எடுக்கக் கூடாது என்பது சம்பிரதாயம். அறிவியலை மீறலாம், சம்பிரதாயத்தை மீறலாமா? கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். வெள்ளி ஆயுத பூஜை, சனி விஜயதசமி, ஞாயிறு விடுமுறை. அந்த வருஷம் மழை தள்ளிப்போயிருந்தது. மூன்று நாள் வெயில். அறையில் ஏ.சி. கிடையாது.

திங்கட்கிழமை காலை பொட்டு வைத்த பாட்டில்களை அப்படியே எடுத்து மெஷினில் செலுத்தினேன். டி.எச்.சி. பாதிக்கும் கீழே. சி.பி.என். மலை மாதிரி. முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டேன். ஃபிரிட்ஜில் இருந்த ஸ்டாண்டர்டை, அதாவது அளவு முன்பே தெரிந்த கரைசலை, செலுத்தினேன், கச்சிதமாக வந்தது. மறுபடி பாட்டில். மறுபடி அதே. மூன்று முறை. ஒரு தப்பை மூன்று முறை துல்லியமாக அளந்தேன். இதற்கு நம் தொழிலில் 'ரிப்பீட்டபிலிட்டி' என்று ரொம்ப மரியாதையான பெயர் உண்டு, உங்களுக்கே தெரியும்.

கிராஃபை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினேன். அவர் கதவைச் சாத்தினார்.

"என்னய்யா சொல்றே? மெஷின் சரியா இருக்கா?"

"மூணு தடவ பாத்துட்டேன் சார்."

"ஸ்டாண்டர்டு?"

"கரெக்டா வருது சார்."

"அப்போ இலைதான் தப்பு."

"ஆமா சார். ஸ்டோர்ல ஏதோ..."

"சாவி ரெண்டு. ஒண்ணு என்கிட்ட இருக்கு. நான் எடுக்கல."

"தெரியும் சார்."

கவனியுங்கள். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அதுதான் என் சாமர்த்தியம். இலை என்றேன், ஸ்டோர் என்றேன். பெயரை அவரே சொல்லிக்கொண்டார். "ரூத்தா? பத்து வருஷம்யா..." என்று நெற்றியைத் தேய்த்துவிட்டு, லைசென்ஸ் கொடுத்த துறைக்குப் போன் போட்டார். போடாமல் இருந்தால் கம்பெனிக்கே பூட்டு. அதிகாரி மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு வருவதாகச் சொன்னார். ரூத்தம்மாவின் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி வாங்கினார்கள். காரணம் சொல்லவில்லை. ஆனால் எங்கள் கம்பெனியில் காரணம் கேன்டீனுக்கு முன்கூட்டியே போய்விடும்.

சாயந்தரம் கேட்டில் அவர் பையைச் சோதித்தார்கள். எல்லாரும் பஸ் ஏறும் நேரம். காவலுக்கு நின்ற பெண் டிபன் கேரியரின் மூன்று அடுக்கையும் பிரித்து, மிச்சமிருந்த காரக்குழம்பைக் கரண்டியால் கிளறிப் பார்த்தாள்.

"அதுல இன்னா துழாவுற? கத்திரிக்காதான் கீது" என்றார் ரூத்தம்மா. குரல் வழக்கம் போலத்தான் இருந்தது. கேரியரைத் திரும்ப அடுக்க மட்டும் இரண்டு மூன்று முறை முயன்றார். அடுக்குகள் ஒன்றில் ஒன்று பொருந்தவில்லை.

நான் கம்பெனி பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் இருந்தேன். பின்னால் ஒருவன் சிரித்தான். நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். தூசி.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு ரூத்தம்மா ஆய்வகத்துக்கு வந்தார். சாவி கழுத்தில் இல்லை, சத்தமே இல்லாமல் வந்து நின்றார். வியாழக்கிழமை இலை எடுத்தபோது உடன் இருந்தேன் என்று அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தாளை நீட்டினேன். பேனாவைக் காதிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் தாளைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த பாட்டில்களைப் பார்த்தார்.

"இது எந்தத் தண்ணி சாரு?"

"உங்க டிரம் இலையோடதுதான் ரூத்தம்மா."

"நம்ம இலையா? பூஜைக்கு வெச்சியே, பச்சப் பசேல்னு, அதுவா?"

"அதுதான்."

"பொட்டு அப்டியே கீது. தண்ணி மட்டும் இன்னா டீத்தண்ணி மாரி ஆயிகினு கீது?"

பார்த்தேன். நேற்று முழுக்க அதே பாட்டில்களைக் கையில் எடுத்தவன், அப்போதுதான் பார்த்தேன். பச்சை இல்லை. வெளிறிய பழுப்பு. கம்ப்யூட்டர் திரையில் மேட்டின் உயரத்தை மூன்று தசமம் வரை பார்த்த எனக்கு, பாட்டிலில் நிறம் போனது தெரியவில்லை.

திருட்டு நடந்தது உண்மைதான். நடந்த இடம் என் ஜன்னலோரம். எடுத்துப் போனது வெயில். கதவைத் திறந்துவிட்டு, திருடனுக்குச் சந்தனம் கொடுத்து வரவேற்றவன் நான்.

அலமாரியில் வியாழக்கிழமை ஒட்டிய உறை இருந்தது. இருட்டில், அவர் கையெழுத்தோடு. பாட்டிலை மூன்று முறை செலுத்தியவன் அந்த உறையை ஒரு முறை பிரித்திருந்தால் திங்கட்கிழமை பகலிலேயே கதை முடிந்திருக்கும். தோன்றவில்லை. மெஷின் சரி என்று தெரிந்ததும் நானும் சரி என்று முடிவு கட்டிவிட்டேன்.

"ரூத்தம்மா, போயிடாதீங்க. இந்த உறைய உங்க முன்னாடி பிரிக்கணும்."

"இன்னா திடீர்னு?"

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்னு நினைக்கிறேன்."

"நெனைக்கிறியா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

புதிதாகச் சாறு எடுத்தேன். மறுபடி அந்தப் பச்சை. இந்த முறை தாளில் சுற்றினேன். மணி பத்தே முக்கால். மெஷினில் செலுத்திவிட்டு இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு தரையோடு தரையாக ஊர்ந்தது.

"இதுல நான் எது சாரு?" என்றார்.

"நீங்க இதுல இல்ல ரூத்தம்மா."

"நேத்து இருந்தேனே."

நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். சி.பி.என். வர வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மேடு, எறும்புப் புற்று அளவு. டி.எச்.சி. பழைய உயரத்துக்கு எழுந்து நின்றது. டிரம் வந்து இறங்கிய நாளில் அளந்த அதே கணக்கு.

அவரையும் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டு கிராஃபையும் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம்.

"பூஜையா? லைசென்ஸ் சரக்க பூஜையில வெச்சேன்னு எழுதப் போறியா? உனக்கும் வேலை போகும், எனக்கும் போகும். மெஷின் கோளாறுன்னு எழுது. சரி பண்ணிட்டோம்னு எழுது. முடிஞ்சுது. ரூத்தம்மா, உனக்கும் பிரச்சினை இல்ல, போய் வேலையப் பாரு."

உண்மையைச் சொல்கிறேன். அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. மெஷினுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. வீட்டுக் கடன் இல்லை. பழியைத் தாங்குவதற்கென்றே ஜப்பானில் செய்து அனுப்பிய மாதிரி இருந்தது. "சரி சார்" என்று வாயைத் திறந்தேன்.

"மிஷினு தப்புன்னு எழுதுனா, நாளிக்கு ரிப்பேர்காரன் வந்து மிஷினு சரியாத்தான் கீதுன்னு சொல்வான்" என்றார் ரூத்தம்மா, மேனேஜரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. "அப்பொ மறுபடி யாரு? நான்தானே?"

பொய் எழுதினால் அது யாரைக் காப்பாற்றும், எத்தனை நாளைக்கு என்று அவர் ஒரு வரியில் கணக்குப் போட்டுவிட்டார். நான் இரண்டு பட்டத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

எழுதினேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தவறு நடந்த விதம் என்ற கட்டத்தில், 'ஆயுத பூஜையில் அலங்காரத்துக்காக மாதிரிகளை மூன்று நாள் வெயிலில் வைத்தேன்' என்று எழுதி, கீழே என் பெயரை முழுசாக, தகப்பனார் பெயரோடு போட்டேன். பயத்தில் கையெழுத்து அழகாக வந்திருந்தது.

அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், சிரிக்காத முகம். தானே டிரம்மைத் திறந்து இலை எடுத்து, என் பக்கத்தில் நின்று, மெஷின் முடிக்கும்வரை நகரவில்லை. கணக்கு ஒத்துப்போனது. பிறகு என் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"பரிசு எந்தப் பிரிவுக்கு?"

"எங்களுக்குத்தான் சார்."

"ம்" என்றார். கையெழுத்துப் போட்டார். கம்பெனிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எனக்கு அந்த வருஷம் சம்பள உயர்வு வரவில்லை. வேலை போகவில்லை. சிறைக்கு யாரும் போகவில்லை.

எல்லாம் முடிந்த நிம்மதியில், ஸ்டோருக்குப் போய் ரூத்தம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். சாவி மறுபடி அவர் கழுத்தில் இருந்தது.

"மிஷினுக்குப் பொட்டு வெச்ச, பாட்டிலுக்குப் பொட்டு வெச்ச. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா சாரு? 'இன்னா ரூத்து, இலைய எடுத்தியா'ன்னு?"

"தப்புதான் ரூத்தம்மா. மன்னிச்சிடுங்க."

"ஸ்டோருக்குள்ள வந்து சொன்னா பீரோதான் கேக்கும். நேத்து எங்க என் கொழம்ப கிளறுனாங்க?"

"கேட்டுல."

"அங்க வந்து சொல்லு."

சாயந்தரம் ஐந்தரைக்குக் கேட்டில் போய் நின்றேன். எல்லாரும் பஸ் ஏறும் நேரம். பாய்லர்காரர்கள் முன் வரிசையில் கை கட்டிக்கொண்டு நின்றார்கள், அவர்களுக்கு அது தீபாவளி. நான் சொன்னேன். ஸ்டோரில் ஒரு இலைகூடக் குறையவில்லை என்றேன். பரிசு வாங்குவதற்காக பாட்டில்களை வெயிலில் வைத்துக் கெடுத்தவன் நான் என்றேன். யாரோ "கேக்கல சார்!" என்றான். இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னேன். அன்றிலிருந்து அந்தத் தொழிற்பேட்டையில் எனக்குச் சந்தனம் சார் என்று பெயர். என் நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்திருந்தது.

ரூத்தம்மா முழுக்கக் கேட்டார். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அந்த ஹாட் பாக்ஸு எங்க கீது?" என்றார்.

"லேபுல இருக்கு."

"நாளிக்கு எட்த்துனு வா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு அடுத்த நாளிலிருந்து டிபன் கேரியர் போய் ஹாட் பாக்ஸில் சோறு வந்தது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான். கணக்கு இடித்தால், மெஷினிடம் மூன்று முறை கேட்பதற்கு முன்னால், அந்தக் கணக்கால் அடிபடப் போகிற ஆளிடம் ஒரு முறை கேளுங்கள். அவர் பொய்யே சொன்னாலும் பரவாயில்லை, உங்கள் பாட்டிலையாவது பார்ப்பார். இதை ஏட்டில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். செய்முறையில் இதற்குக் கட்டம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் அங்கே இருந்தேன். ரூத்தம்மா என்னிடம் நன்றாகத்தான் பேசினார், சிரித்தார், பொரி வாங்க வந்தார். ஆனால் ஒவ்வொரு சாயந்தரமும் கேட்டில் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்த ஹாட் பாக்ஸின் மூடியைத் திறந்து என் முன்னால் நீட்டுவார்.

"பாத்துக்க சாரு. காலிதான்."

எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் அதை மூடிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனதில்லை. ஒவ்வொரு நாளும் நான் குனிந்து பார்த்து, "காலிதான் ரூத்தம்மா" என்று சொன்னேன்.